முள்ளும் பாடம் சொல்லும்!

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். ஏழை எளியோர் பிள்ளைகளுக்கு வாய்த்த விஞ்ஞானப் பாடமோ பெரும்பாலும் ஏட்டுச் சுரைக்காய்தான்! "காந்தம் இரும்பை ஈர்க்கும்" என்று நூறு முறை ஒப்பிப்பான் சிறுவன். காந்தத்தைத் தொட்டுப் பார்த்திருக்க மாட்டான். குற்றம் அவனுடையதா? அல்ல. ஆசிரியருடையதா? அதுவும் அல்ல! அவர் கையிலும் எவரும் காந்தத்தைத் தரவில்லை. ஐயம் எழுந்தால் கேட்டுத் தெளிய ஒரு துணையையும் தரவில்லை.

ஆய்வுக்கூடத்திலே விஞ்ஞானி, கிராமப் பள்ளியிலே ஆசிரியர் - இருவருக்கும் இடையே நெடுமதில்! அந்த மதிலை இடித்துக் காட்டியது மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டம். நர்மதாபுரம் என்பது அதன் இன்றைய பெயர்.

1972ஆம் ஆண்டு, 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிற்று அந்த முயற்சி. கிஷோர் பாரதி என்ற தொண்டு நிறுவனமும், ரசூலியாவிலிருந்த மற்றொரு நிறுவனமும் முன்னின்றன. டெல்லிப் பல்கலைக்கழக ஆசிரியர்களும், பம்பாய் டாடா ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகளும் தேடி வந்தார்கள் - மேடையேறி உபதேசிக்க அல்ல, பள்ளி ஆசிரியர்களோடு சேர்ந்து சோதனை செய்து பார்க்க! கோடை விடுமுறையில் பயிற்சி, மாதந்தோறும் கூட்டம். "இது வகுப்பிலே நடவாது" என்று ஆசிரியர் சொன்னால், பேராசிரியர் எழுதிய பாடமும் திருத்தப்பட்டது. அப்படி உருவான நூலின் பெயர் 'பால வைக்ஞானிக்' - சிறுவர் விஞ்ஞானி!

கருவிகளுக்குப் பணம்? பூவைப் பிரித்துப் பார்க்கும் ஊசியாகக் கருவேல முள் வந்தது! 1978இல் அங்கு வந்த பொறியாளர் அரவிந்த் குப்தா, சைக்கிள் வால்வு டியூப் துண்டுகளையும் தீக்குச்சிகளையும் கோத்து, முக்கோணமும் கனசதுரமும் செய்து காட்டினார். தேர்வுக்கோ புத்தகத்தையே எடுத்துச் செல்லலாம்! மனப்பாடத்துக்கு மதிப்பெண் இல்லை. செய்து பார்த்து, சிந்தித்துச் சொன்னால்தான் மதிப்பெண்.

1978இல் மாவட்டம் முழுவதும் பரவிற்று. பிறகு பல மாவட்டங்களுக்கும் சென்றது. ஆனால் 2002இல் மாநில அரசின் ஆணை ஒன்று வந்தது - முப்பதாண்டு உழைப்பு முடக்கப்பட்டது!

தோழர்களே, இதிலே நாம் பெறும் பாடம் என்ன? ஆணையால் வளர்ந்தது ஆணையால் மடியும். மக்கள் காவல் நின்றால்தான் நிலைக்கும்!

தமிழகத்திலும் 2022 நவம்பரில், அரசுப் பள்ளிகளின் 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்காக 'வானவில் மன்றம்' தொடங்கப்பட்டது. வரவேற்றோம். ஆனால் கருவிகளோடு ஒருவர் வந்து, காட்டிவிட்டுப் போவது தொடக்கமே தவிர முடிவல்ல என்போம். கல்லூரிப் பேராசிரியர் ஒவ்வொருவரும் ஓர் ஆசிரியருக்குத் தோழராக வேண்டும் - ஆண்டு முழுவதும்! ஆரம்பப் பள்ளி வரை அந்தத் தோழமை இறங்கி வர வேண்டும்.

'ஏன்' என்று கேட்கும் பிள்ளையை எந்த மூடநம்பிக்கையும் மிரட்ட முடியாது. எந்தச் சோதிடனும் ஏய்க்க முடியாது. அறிவு எவர் வீட்டுப் பரம்பரைச் சொத்தும் அல்ல. ஆலையிலே இயந்திரத்தின் ஓசை கேட்டே பழுதைக் கண்டுபிடிக்கும் தொழிலாளத் தோழனே, சோதித்து அறிவது உனக்குக் கைவந்த கலை! பெற்றோர் கூட்டத்துக்குப் போ. கேள்: "என் பிள்ளை இந்த மாதம் எந்தச் சோதனையைத் தன் கையால் செய்தான்?"

விடை வரும் வரை கேள்!