நம் பக்கத்து ஊர் எழுத்தாளர் பாமா

பெண் எழுத்தாளர் ஒருவரைப் பற்றிக் கட்டுரை எழுதுக என்றால், நம் வட்டாரத்து மாணவியர் யோசிக்காமல் ஆண்டாளை எழுதிவிடுவர். அதில் தவறொன்றும் இல்லை. திருப்பாவை 30 பாசுரங்களும் நாச்சியார் திருமொழி 143 பாசுரங்களும் பாடிய அம்மங்கையால் ஸ்ரீவில்லிபுத்தூரின் பெயர் உலகறியும். ஆனால் அதே ஸ்ரீவில்லிபுத்தூரில் வத்திராயிருப்பு பஸ் ஏறிச் சென்றால், மேற்கு மலையடிவாரத்தில் புதுப்பட்டி என்றோர் ஊர் உண்டு. அவ்வூரில் 1958-ம் ஆண்டு பிறந்த ஒரு பெண்ணின் நூல்களை இன்று ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் படிக்கிறார்கள். ராஜபாளையத்தில் இருக்கும் நம்மில் பலர் அவர் பெயரைக்கூடக் கேட்டதில்லை. அவர்தாம் பாமா.

பெற்றோர் இட்ட பெயர் பாஸ்டினா மேரி பாத்திமா ராணி. பெயரே சொல்லிவிடுகிறது, நம் திருச்சபையின் பிள்ளை. தாத்தா காலத்தில் ஞானஸ்நானம் பெற்ற தலித் குடும்பம். முன்னோர் பிறர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். தந்தை சூசைராஜ் இராணுவத்தில் பணிபுரிந்தார். அண்ணன் ராஜ் கௌதமன் (1950 - 2024) பின்னாளில் தமிழறிஞர்கள் மதிக்கும் ஆய்வாளரானார். ஜெயகாந்தன், அகிலன் நாவல்களைப் படித்து வளர்ந்த பாமா, கல்லூரி நாட்களில் தாகூரையும் கலீல் கிப்ரானையும் விரும்பிப் படித்தார். அப்போது கவிதையும் எழுதினார்.

அவர் வாழ்வில் நம்மை நிறுத்தி யோசிக்க வைப்பது ஒரு பலகாரப் பொட்டலம். மூன்றாம் வகுப்பு படிக்கையில் ஒரு நாள், பள்ளி விட்டு வீடு திரும்புகிறாள் சிறுமி. தன் தெருப் பெரியவர் ஒருவர், எண்ணெய் ஊறிய பொட்டலத்தைக் கையில் ஏந்தாமல், கட்டிய நூலை மட்டும் பிடித்துத் தொங்கவிட்டபடி போகிறார். பொட்டலம் அவிழ்ந்துவிடுமே என்று சிறுமிக்குச் சிரிப்பு. பெரியவர் நேராக நிலக்காரரிடம் போய்க் குனிந்து அதை நீட்டுகிறார். வீட்டுக்கு வந்து அண்ணனிடம் இந்த வேடிக்கையைச் சொன்னால், அண்ணன் சிரிக்கவில்லை. கைபட்டால் தீட்டு என்பதற்காகவே பெரியவர் அப்படித் தூக்கிச் சென்றார் என்று விளக்கினார். பின்னொரு நாள், நன்றாகப் படி, படித்து முன்னேறினால்தான் இந்த இழிவைத் தூக்கி எறிய முடியும் என்றும் சொன்னார். அன்று முதல் தம் மூச்சைப் பிடித்துக்கொண்டு படித்ததாகப் பாமா எழுதுகிறார். வகுப்பில் முதலாவதாகவும் வந்தார். நம் வகுப்புகளில் முதல் மாணவி ஆவதற்கு எத்தனையோ காரணங்கள் உண்டு. இப்படியொரு காரணத்தை நாம் யாரும் கேட்டிருக்க மாட்டோம்.

படித்து ஆசிரியையானார். ஏழைப் பிள்ளைகளுக்கு முழுமையாகத் தொண்டாற்ற வேண்டும் என்னும் ஆசையால் 1985-ம் ஆண்டு கன்னியர் மடத்தில் சேர்ந்தார். ஏழு ஆண்டுகள் கழித்து, 1992-ல், அங்கிருந்து வெளியேறினார்.

இந்த இடத்தில் பேனா சற்றுத் தயங்குகிறது. கன்னியர் நடத்தும் பள்ளியின் ஆண்டு மலரில் இதை எழுதலாமா என்று நாமும் யோசித்தோம். ஆனால் இதை விட்டுவிட்டுப் பாமாவைப் பற்றி எழுதினால் அது பாமாவைப் பற்றிய கட்டுரை ஆகாது. ஏழைகளைத் தேடிப் போனவரை வசதியானவர்களின் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் பணிக்கு வைத்தார்கள். அங்கிருந்த தலித் பிள்ளைகளோ பெருக்கவும் கழுவவும் பயன்பட்டார்கள். துறவறத்திலும் சாதி கேட்கப்பட்டது. இவையெல்லாம் அவர் தாம் கண்டதாக எழுதியவை. சிறுமியாக இருந்தபோது, பள்ளியில் தேங்காய் திருடியதாகத் தம்மீது வீண்பழி விழுந்ததையும், சேரிப்பிள்ளைதானே, செய்திருப்பாய் என்ற பொருளில் பங்குத்தந்தையே பேசியதையும்கூட அவர் மறைக்கவில்லை. அவருக்கு ஆண்டவர்மீது கோபம் இல்லை. ஆண்டவரின் நீதியைப் போதித்துவிட்டு, அதன்படி நடக்காதவர்களிடம்தான் அவர் வழக்கு.

மடத்தை விட்டு வந்தபோது கையில் வேலை இல்லை, பணம் இல்லை. அந்த நிலையில், மன ஆறுதலுக்காகத் தம் வாழ்வை எழுதத் தொடங்கினார். அதுவே 1992-ல் வெளிவந்த 'கருக்கு'. பனைமட்டையின் இருபுறமும் ரம்பம் போல இருக்குமே, அதுதான் கருக்கு. விறகு பொறுக்கப் போன வயதில் அது தம் தோலைக் கீறியதை முன்னுரையில் நினைவுகூர்கிறார். எபிரேயர் திருமுகம் 4-ம் அதிகாரம் 12-ம் வசனத்தில் இறைவார்த்தைக்குச் சொல்லப்பட்ட இருபுறமும் கூரிய வாளையும் அங்கே இணைத்துக் காட்டுகிறார். மறைக்கல்வி வகுப்பில் நாம் பலமுறை கேட்ட வசனம்தான். பனைமரத்தடியில் அதற்குப் பொருள் கண்டவர் இவர்.

நூல் வந்ததும் ஊர் கொண்டாடியதா? இல்லை. தங்கள் வீட்டு விஷயங்களை வெளியே சொல்லிவிட்டாள் என்று சொந்த மக்களே சினந்தார்கள். ஏழு மாதம் அவரால் ஊருக்குள் நுழைய முடியவில்லை.

அவர் கையாளும் மொழியைப் பற்றிச் சில வார்த்தைகள். நாம் கட்டுரை நோட்டில் எழுதும் தமிழ் அன்று அது. நம் பக்கத்துக் கிராமங்களில் களையெடுக்கையிலும் குழாயடியிலும் பேசுகிற பேச்சு அப்படியே அச்சில் வருகிறது. இலக்கணப் பிழை என்று சிவப்பு மையால் சுழிக்க நம் தமிழாசிரியைக்குக் கை துறுதுறுக்கும். ஆனால் அந்தப் பாட்டிமாரைத் திருத்தமான தமிழில் பேசவைத்தால் அவர்கள் அந்தப் பாட்டிமாராகவே இருக்க மாட்டார்கள். 1994-ல் வந்த 'சங்கதி' முழுவதும் இப்படிப்பட்ட பெண்களின் கதைதான். தனிக் கதாநாயகி கிடையாது. ஆணுக்கு நிகராக உழைத்தும் குறைந்த கூலி பெறுகிறவர்கள், வீட்டில் அடிபடுகிறவர்கள், அதற்கிடையிலும் கேலி பேசிச் சிரிக்கிறவர்கள் வருகிறார்கள். கல்லூரிக்குப் பிறகு, பிழைப்பதற்கே தம் சக்தி போய்விட்டதால் கவிதை நின்றுவிட்டது என்று பாமா கூறியிருக்கிறார். நமக்கு அப்படித் தோன்றவில்லை. 'சங்கதி'யில் அப்பெண்கள் பாடும் பாட்டுகளைப் படித்தவர்களுக்கு அவருடைய கவிதை எங்கே போயிற்று என்பது விளங்கும்.

பிறகு 'குசும்புக்காரன்' (1996) சிறுகதைகள், இரண்டு தலித் சாதிகளுக்குள் மூளும் பகையைச் சொல்லும் 'வன்மம்' (2002), 'கருக்கு'க்குப் பிந்திய வாழ்வைத் தொடரும் 'மனுசி' (2011) ஆகியவை வந்தன. லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் ஆங்கிலத்தில் பெயர்த்த 'கருக்கு' கிராஸ்வேர்டு விருது பெற்றது. இதில் ஒரு வேடிக்கை. புதுப்பட்டிப் பேச்சில் எழுதப்பட்ட நூலை, அதற்குச் சில மைல் தொலைவில் இருக்கும் நாம் முதலில் ஆங்கிலத்தில்தான் படித்தோம். தமிழ் நூல் பின்புதான் கைக்குக் கிடைத்தது. 2021-ல் டெல்லிப் பல்கலைக்கழகம் தன் ஆங்கிலப் பாடத்திட்டத்திலிருந்து 'சங்கதி'யை நீக்கியபோது நாடெங்கும் எழுத்தாளர்கள் கண்டனம் தெரிவித்தனர்.

2024-ல் தமிழ்நாடு அரசு அவருக்கு ஔவையார் விருது அளித்தது. மடத்தைவிட்டு வந்தபின்னும் பாமா சாக்பீஸைக் கீழே வைக்கவில்லை. உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமப் பள்ளியொன்றில், எந்தப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல வேண்டும் என்று மடத்திற்குப் போனாரோ, அந்தப் பிள்ளைகளுக்கே பல ஆண்டுகள் ஆசிரியையாக இருந்தார்.