குட்டியோடு தாய்க்கும் பூச்சி மருந்து

இடம்பெயர்ந்து வந்து, புதிய காணியில் கொட்டில் போட்டுக் குடியேறும் குடும்பத்துக்கு நாய் ஒரு பெரிய துணை. கோழியைக் கீரியிடமிருந்தும், ஆட்டுக்குட்டியை நரியிடமிருந்தும், கச்சான் தோட்டத்தைப் பன்றியிடமிருந்தும் காப்பது அதுவே. வேலி அடைக்காத வளவில் இரவில் குரல் கொடுப்பதும் அதுதான். ஆனால் அந்த நாய் குட்டி போட்டபின், குட்டிகள் ஒவ்வொன்றாகச் சோர்ந்து இறப்பதைப் பல வீடுகளில் காண்கிறோம். "ஏதோ வருத்தம்" என்று விட்டுவிடுகிறோம். அந்த வருத்தம் பெரும்பாலும் குடற்புழுதான். அதே புழு எமது பிள்ளைகளையும் பாதிக்கக்கூடியது. ஆகவே இதைச் சற்று விளக்கமாக அறிந்துகொள்வது நல்லது.

புழு எங்கிருந்து வருகிறது?

குட்டி மண்ணைத் தின்றதால் அல்லது இனிப்புத் தின்றதால் புழு வந்தது என்று சிலர் நினைப்பதுண்டு. உண்மையில் பெரும்பாலான குட்டிகளுக்குப் புழு தாயிடமிருந்தே வருகிறது.

நாய்களில் காணப்படும் வட்டப்புழுவின் குடம்பிகள் தாய் நாயின் தசையிலும் மற்ற உறுப்புகளிலும் உறங்குவதுபோல் அடங்கிக் கிடக்கின்றன. நாயின் கர்ப்பகாலம் ஏறத்தாழ 63 நாட்கள். அதன் கடைசி மூன்று வாரங்களில் இக்குடம்பிகள் விழித்து, கொப்பூழ்க்கொடி வழியே வயிற்றிலுள்ள குட்டிகளுக்குள் செல்கின்றன. பிறந்த பின் தாய்ப்பால் வழியாகவும் மேலும் சில செல்கின்றன. எனவே கண் திறக்காத குட்டியின் உடலிலும் புழு இருக்கிறது. மூன்று வாரத்துக்குள் அவை வளர்ந்து, குட்டியின் குடலில் முட்டையிடத் தொடங்குகின்றன. ஒரு பெண் புழு ஒரு நாளில் பல்லாயிரக்கணக்கான முட்டைகளை இடும்.

இங்கே ஒரு முக்கியமான விடயம் உண்டு. சாதாரணமாகக் கொடுக்கும் பூச்சி மருந்து குடலிலுள்ள புழுவையே கொல்லும். தசையில் உறங்கும் குடம்பிகளை அது எட்டாது. போன வருடம் தாய்க்கு மருந்து கொடுத்தோம் என்று இம்முறை சும்மா இருக்க முடியாது. ஒவ்வொரு ஈற்றுக்கும் மருந்து தேவை. வேப்பிலைச் சாறு கொடுத்தாலும் இந்தக் குடம்பிகள் சாவதில்லை.

இன்னொரு புழு கொழுக்கிப்புழு. அரை அங்குலம் அளவான இது குடற்சுவரைக் கடித்து இரத்தம் குடிக்கும். நாய்களில் சாதாரணமாகக் காணப்படும் கொழுக்கிப்புழு தாய்ப்பால் மூலம் குட்டிக்குச் செல்கிறது. மண்ணிலுள்ள குடம்பிகள் தோலைத் துளைத்தும் உள்ளே புகும்.

அறிகுறிகள்

வட்டப்புழு உள்ள குட்டிக்கு வயிறு பானைபோல் உப்பியிருக்கும், முதுகெலும்பு தெரியும், மயிர் மினுக்கமின்றி நிற்கும். பால் குடித்தும் உடல் தேறாது. சில வேளை வாந்தியிலோ மலத்திலோ இடியப்ப இழைபோன்ற வெள்ளைப் புழுக்கள் வரும்.

கொழுக்கிப்புழு உள்ள குட்டியின் முரசு வெளிறியிருக்கும். மலம் தார்போல் கறுத்திருக்கும். இரண்டு மூன்று வாரக் குட்டிகள் மலத்தில் முட்டை தெரியும் முன்பே இறந்துவிடலாம். முரசு வெளிறிய குட்டியை அன்றே மிருக வைத்தியரிடம் கொண்டுசெல்லுங்கள். இரத்தம் குறைந்த குட்டிக்குப் பூச்சி மருந்து மட்டும் போதாது.

எப்போது மருந்து கொடுப்பது?

புழு கண்ணில் படும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும். புழு முட்டையிடத் தொடங்கும் முன்பே மருந்து தொடங்க வேண்டும்.

1. குட்டிகளுக்கு இரண்டாம், நான்காம், ஆறாம், எட்டாம் வாரங்களில் கொடுக்க வேண்டும். உதாரணமாக, மார்ச் 1ஆம் திகதி பிறந்த குட்டிகளுக்கு மார்ச் 15, மார்ச் 29, ஏப்ரல் 12, ஏப்ரல் 26 ஆகிய நாட்களில் மருந்து. நாட்காட்டியில் முன்கூட்டியே குறித்து வையுங்கள்.

2. அதே நாட்களில் தாய்க்கும் கொடுக்க வேண்டும். தாய் நாய் குட்டிகளை நக்கித் துப்புரவாக்கும்போது அவற்றின் மலத்திலுள்ள முட்டைகளையும் இளம் புழுக்களையும் விழுங்கிவிடுகிறது. குட்டிக்கு மட்டும் மருந்து கொடுத்தால், புழு தாயிடமே தங்கி மீண்டும் வளவெங்கும் பரவும்.

3. எட்டு வாரத்தின்பின் ஆறு மாத வயதுவரை மாதம் ஒரு முறை. பின்பு மூன்று மாதத்துக்கு ஒரு முறை.

எந்த மருந்து, எவ்வளவு?

இரண்டு வாரக் குட்டிக்கும் பாலூட்டும் தாய்க்கும் ஏற்ற மருந்துகளுள் ஒன்று பைரன்டெல். இதன் அளவு உடல் நிறையில் கிலோ ஒன்றுக்கு 5 முதல் 10 மில்லிகிராம். மற்றொன்று பென்பென்டசோல். இது கிலோ ஒன்றுக்கு 50 மில்லிகிராம் வீதம் தொடர்ந்து மூன்று நாட்கள் கொடுக்கப்படும். பென்பென்டசோலைக் கர்ப்பத்தின் 40ஆம் நாள் தொடக்கம் குட்டி ஈன்று இரு வாரம் வரை தாய்க்கு நாள்தோறும் கொடுத்து, குட்டிகளுக்குச் செல்லும் புழுவை வெகுவாகக் குறைக்கும் முறையும் உண்டு. அதை வைத்தியரின் சொற்படியே செய்ய வேண்டும்.

போத்தலுக்குப் போத்தல் மருந்தின் செறிவு வேறுபடும். ஆகவே கண்மதிப்பில் ஊற்றக்கூடாது. குட்டியை ஒரு பையில் வைத்துத் தராசில் நிறுத்து, நிறையை எழுதிக்கொண்டு கால்நடை வைத்திய அதிகாரியின் பணிமனைக்குச் செல்லுங்கள். எத்தனை மில்லிலீற்றர் என்பதை அங்கே கேட்டு அறியலாம். ஊசி கழற்றிய சிறிஞ்சினால் வாயின் ஓரத்தில் மெதுவாக விடுங்கள். தலையை அண்ணாத்திப் பிடித்தால் மருந்து சுவாசக்குழாய்க்குள் போய்விடும்.

மாட்டுக்கும் ஆட்டுக்கும் வாங்கிய மருந்தில் மிச்சத்தை நாய்க்குக் கொடுக்காதீர்கள். லெவமிசோல், ஐவர்மெக்டின் போன்றவை அளவு சற்றுத் தவறினாலும் குட்டியைக் கொன்றுவிடலாம். அல்பென்டசோல் கர்ப்பமான நாய்க்கு ஆகாது. வயிற்றிலுள்ள குட்டிகளைப் பாதிக்கும். பிள்ளைகளுக்குத் தந்த பூச்சிக் குளிசையையும் நாய்க்குப் பங்கிட வேண்டாம்.

மலத்தை அகற்றுவது பாதி வைத்தியம்

வட்டப்புழுவின் முட்டை மலத்தோடு வெளிவந்த உடனே தொற்றாது. சூடும் ஈரமும் உள்ள மண்ணில் இரண்டு முதல் நான்கு வாரங்கள் கிடந்தே அது முற்றுகிறது. முற்றியபின் நிழலான ஈர மண்ணில் வருடக்கணக்கில் உயிரோடிருக்கும். கொழுக்கிப்புழுவோ ஒரு வாரத்துக்குள் மண்ணில் தொற்றும் நிலையை அடைந்துவிடும். ஆகவே மலத்தை அன்றன்றே அள்ளிவிட்டால் சங்கிலி அறுந்துவிடும். இதற்குக் காசு வேண்டியதில்லை. ஒரு மண்வெட்டி போதும்.

கிணற்றிலிருந்து தூரமாக, ஒன்றரை அடிக்குக் குறையாத குழி வெட்டிப் புதையுங்கள். மருந்து கொடுத்த பின் வரும் இரண்டு நாட்களில் இதில் விசேட கவனம் வேண்டும். நாய் மலத்தை மரக்கறிப் பாத்திக்கு எருவாகப் போடக்கூடாது. குட்டிகள் படுக்கும் சாக்கை அடிக்கடி மாற்றி எரித்துவிடுங்கள். ஆடு, மாடு அறுத்த கழிவைப் பச்சையாக நாய்க்குப் போடாதீர்கள். நாடாப்புழு வகைகள் அதனால் பரவும். பைரன்டெல் நாடாப்புழுவைக் கொல்லாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

எமது பிள்ளைகள்

நாய்க்குட்டியோடு விளையாடுவதும் மண்ணில் விளையாடுவதும் சிறுபிள்ளைகளே. வட்டப்புழுவின் முற்றிய முட்டை பிள்ளையின் வயிற்றுக்குள் போனால், குடம்பி ஈரலுக்கும் சுவாசப்பைக்கும் அலையும். கண்ணுக்குள் சென்றால் அந்தக் கண்ணின் பார்வையே போகலாம். கொழுக்கிப்புழுவின் குடம்பி வெறுங்காலில் புகுந்தால், தோலின் கீழ் வளைந்து வளைந்து செல்லும் சிவந்த கோடும் கடும் சொறியும் உண்டாகும். கொழுக்கிப்புழுவில் ஓர் இனம் 1911ஆம் ஆண்டு இலங்கைப் புனுகுப்பூனையிலிருந்து கண்டறியப்பட்டு, "சிலோன்" என்ற பெயரைத் தாங்கி நிற்கிறது. நாயிலும் பூனையிலும் வாழும் அது, மனிதக் குடலிலும் முழுப் புழுவாக வளரக்கூடியது.

இதற்காக நாயை விரட்டவோ, குட்டிகளைத் தெருவில் விடவோ தேவையில்லை. அங்கே அவை மருந்தின்றி அலைந்து, புழுவை இன்னும் பல வளவுகளுக்குப் பரப்பும். பிள்ளைகள் சாப்பிடுமுன் சவர்க்காரம் போட்டுக் கைகழுவட்டும், செருப்புப் போடட்டும், நகத்தை வெட்டி வையுங்கள். பச்சைக் கீரையை நன்றாக அலசுங்கள்.

ஒரு வீடு மட்டும் செய்து போதாது

எமது குடியிருப்புகளில் ஒரு வளவையே இரண்டு மூன்று குடும்பங்கள் பாவிப்பதுண்டு. நாய்களும் எல்லைக்கற்களைப் பார்ப்பதில்லை. மாதர் சங்கமோ கிராம அபிவிருத்திச் சங்கமோ முன்வந்து குட்டி ஈன்ற வீடுகளின் பட்டியலை எடுக்கலாம். மருந்தைச் சேர்ந்து வாங்கினால் ஒரு போத்தல் பல வீட்டுக் குட்டிகளுக்குக் காணும். மிருக வைத்தியரை ஒரு நாள் அழைத்தால், விசர்நாய்த் தடுப்பூசி பற்றியும் பெட்டை நாய்களுக்குக் கருத்தடை செய்வது பற்றியும் சேர்த்தே கேட்டுக்கொள்ளலாம்.

உங்கள் வளவில் இப்போது சினைப்பட்ட நாய் ஒன்று நின்றால், அது ஈனும் திகதியை எழுதி வையுங்கள். அதிலிருந்து பதினான்காம் நாள் தாய்க்கும் குட்டிகளுக்கும் முதல் மருந்து.