பழைய காருக்கு 5 வருஷம்... ஓட்டுற பெருசுக்கும் 5 வருஷம்!

விருதுநகர்:
அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு... ஒரு காலத்தில் ரோட்டில் ராஜாவாக ஓடிய கார்கள். விருதுநகர், சிவகாசி, சாத்தூர் பக்கம் இன்று இவை எப்போதாவதுதான் கண்ணில் படும். ஆனாலும் விற்க மனசில்லாமல் ஷெட்டில் வைத்து துடைத்துக் கொண்டிருப்பவர்கள் உண்டு. பெரும்பாலும் 60 வயதைத் தாண்டியவர்கள்.

வண்டிக்கும் வயசாச்சு. வைத்திருப்பவருக்கும் வயசாச்சு. இரண்டு பேருக்கும் சட்டம் என்ன சொல்கிறது? செலவு எவ்வளவு? கூட்டாளி இல்லாமல் ஏன் இந்த வண்டியை ஓட்டவே முடியாது? இதோ விவரம்.

கூட்டாளிதான் ஸ்பேர் பார்ட்ஸ் கடை

இந்த மூன்று காரும் இப்போது தயாரிப்பில் இல்லை. சென்னையில் தயாரான ஹெரால்டு 1961-ல் வந்தது. அந்த கம்பெனியே மூடிப் போய் பல வருஷம் ஆகிறது. பத்மினி 2000-ஐ ஒட்டி நின்று போனது. கடைசியாக 2014-ல் அம்பாசிடருக்கும் மூடுவிழா.

அப்புறம் பார்ட்ஸ் எங்கே கிடைக்கும்? கூட்டாளியிடம்தான். ஒருவர் ஷெட்டில் பழைய கார்புரேட்டர் கிடக்கும். இன்னொருவர் வீட்டுப் பரணில் டைனமோ இருக்கும். பார்ட்ஸுக்காகவே ஓடாத வண்டி ஒன்றை வாங்கிப் போட்டிருப்பவரும் உண்டு. காசு கொடுத்து வாங்குவதை விட கேட்டு வாங்குவதுதான் அதிகம்.

வேலையும் ஒரு ஆளால் ஆகாது. முன்னால் ஹேண்டில் போட்டு சுற்ற ஒருவர், உள்ளே சோக் இழுத்து ஆக்சிலேட்டர் மிதிக்க ஒருவர். புது கார் மாதிரி கம்ப்யூட்டரை மாட்டி கோளாறு பார்க்க முடியாது. பாயின்ட் இடைவெளி, டைமிங் எல்லாம் மெக்கானிக்கின் காது சொல்லும் கணக்கு. அந்தக் காதுக்கும் இப்போது 65, 70 வயசு.

பவர் ஸ்டீயரிங் கிடையாது. கிளட்ச் கல்லு மாதிரி இருக்கும். மூட்டு வலியும் தோள்பட்டை வலியும் வந்தவருக்கு 10 கிலோ மீட்டர் ஓட்டுவதே பெரும்பாடு. அதனால் ஒருவர் போக, மற்றவர் வர என்று மாற்றி மாற்றி ஓட்டுவது வழக்கம்.

சட்டம் என்ன சொல்கிறது?

சொந்த உபயோக காருக்கு முதல் ஆர்.சி. 15 வருஷம் செல்லும். அதன் பிறகு 5 வருஷத்துக்கு ஒரு முறை வண்டியைக் காட்டி புதுப்பிக்க வேண்டும். 20 வருஷம் தாண்டிய காருக்கு இந்தக் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் மத்திய அரசு ரூ.10 ஆயிரமாக உயர்த்தியது. பசுமை வரி தனி.

ஓட்டுபவருக்கும் இதே கணக்குதான்! 55 வயதைத் தாண்டியவர் டிரைவிங் லைசென்ஸ் எடுத்தாலோ, புதுப்பித்தாலோ 5 வருஷத்துக்குத்தான் செல்லும். 40 வயதுக்கு மேல் டாக்டர் சர்டிபிகேட்டும் தேவை. லைசென்ஸ் காலாவதியாகி 1 வருஷம் தாண்டினால், 40 வருஷம் ஓட்டின கையாக இருந்தாலும் மறுபடி டெஸ்டில் ஓட்டிக் காட்ட வேண்டும்.

50 தாண்டினால் தனி மரியாதை

முதல் பதிவு முடிந்து 50 வருஷம் தாண்டிய கார், பைக்குகளை ‘விண்டேஜ்’ வண்டியாகப் பதிவு செய்ய 2021 ஜூலையில் விதி வந்தது. சேஸ், பாடி, என்ஜின் பெரிய மாற்றம் இல்லாமல் ஒரிஜினலாக இருக்க வேண்டும். கட்டணம் ரூ.20 ஆயிரம். 10 வருஷம் செல்லும். அடுத்த முறை ரூ.5 ஆயிரம் போதும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. விண்டேஜ் என்று பதிவு செய்தால் தினசரி உபயோகத்துக்கோ, வாடகைக்கோ ஓட்டக் கூடாது. கண்காட்சி, பேரணி, ரிப்பேர், பெட்ரோல் போடுவது போன்ற வேலைக்குத்தான் ரோட்டில் இறக்கலாம். கல்யாண வாடகைக்கு விடுகிறவர்கள் இதை யோசித்து முடிவு செய்வது நல்லது.

பெட்ரோலில் கவனம்

இப்போது பங்க்குகளில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான் வருகிறது. பழைய வண்டியின் ரப்பர் ஓஸ், கேஸ்கட் எல்லாம் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. சீக்கிரம் இளகும், வெடிக்கும். எத்தனால் ஈரத்தை இழுப்பதால், மாதக்கணக்கில் நிற்கும் வண்டியின் டேங்க் துருப்பிடிக்கும் அபாயமும் உண்டு.

ஒரு பொறியின் விலை என்ன என்று இந்தப் பகுதிக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பெட்ரோல் வாசம் அடித்தால் ஸ்டார்ட் பண்ணவே கூடாது. ஓஸ்களை மாற்றிவிட்டு மறுவேலை பார்க்க வேண்டும். இந்தச் செலவு பெரிய செலவு அல்ல.

காமராஜர் கார் சொல்லும் சேதி

விருதுநகரில் பிறந்த காமராஜர் பயன்படுத்திய செவர்லே கார், எம்.டி.டி. 2727. இது சென்னை தேனாம்பேட்டை காமராஜர் அரங்க வளாகத்தில் வெகுகாலம் ஓடாமல் நின்றிருந்தது. அவர் மறைந்து 50 வருஷமான 2025-ல் அதைச் சீர்செய்து மறுபடி ஓட வைத்தார்கள்.

தலைவர் கார் என்றால் ஊரே கை கொடுக்கும். சாதாரண ஆள் கார் என்றால் நாலு கூட்டாளிகள்தான் கை கொடுக்க வேண்டும். அந்த நாலு பேரில் ஒருவர் போய்ச் சேர்ந்தால், அவருடைய ஷெட் சாமான் அப்படியே காயலான் கடைக்குப் போகிறது. மகன் வெளியூரில் வேலை பார்ப்பான். எது கழிவு, எது கிடைக்காத பொருள் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? ஒரு ஆள் போனால் ஒரு கடையே மூடிய மாதிரி!

பெருசு போன பிறகு?

ஆர்.சி.யில் நாமினி பெயர் சேர்க்க 2021-ல் வழி வந்துவிட்டது. இருக்கும்போதே சேர்த்துவிட்டால் பின்னால் வாரிசுகளுக்கு அலைச்சல் குறையும். உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குத் தெரியப்படுத்த வேண்டும். 3 மாதத்துக்குள் படிவம் 31 கொடுத்து பெயர் மாற்ற வேண்டும்.

பேப்பர் வேலை இத்தோடு முடியும். தொழில் வேலைக்கு படிவம் கிடையாது. டைமிங் வைப்பதையும், கார்புரேட்டர் பிரித்து மாட்டுவதையும் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் கற்றுக் கொள்ள முடியும். பேரனோ, பக்கத்து வீட்டுப் பையனோ, ஒர்க்‌ஷாப் பையனோ, யாராவது ஒருவர் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தபடி கூட நிற்க வேண்டும். யாரிடம் என்ன பார்ட்ஸ் இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதி, மற்ற கூட்டாளிகளுக்கும் ஒரு காப்பி கொடுத்து வைக்கலாம்.

தீபாவளி முடிந்ததும் பட்டாசு ஆலைகளுக்கு லீவு விடுவார்கள். ஊர் கொஞ்சம் ஓயும் அந்த நாட்களில் வண்டியை வெளியே எடுத்து, ஓஸ், பிரேக், ஆர்.சி., லைசென்ஸ் தேதி நான்கையும் பார்த்துவிடலாம். ரொம்ப நாளாக வராத கூட்டாளிக்கும் அன்று ஒரு போன் போடலாம். அவரால் ஓட்ட முடியாவிட்டால் என்ன... பக்கத்து சீட்டு சும்மாதானே இருக்கு!