காற்றாலையும் துறைமுகமும்

பாலக்காட்டுக் கணவாயில் குடியேறி வாழும் நம் தமிழருக்கு அங்கு வீசும் காற்றைப் பற்றி நாம் விளக்கிச் சொல்லவேண்டுவதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலை அங்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்திற்கு வழிவிட்டு நிற்பதால், தென்மேற்குப் பருவக்காற்று கஞ்சிக்கோட்டைக் கடந்து கோவைச் சமவெளியில் பாய்கிறது. இடுக்கியில், கம்பம் பள்ளத்தாக்கை நோக்கி நிற்கும் இராமக்கல்மேட்டிலும் காற்றுக்குக் குறைவில்லை. இவ்விரு இடங்களிலும் காற்றாலைகள் சுழல்கின்றன.

இவற்றைக் கடலிலும் நாட்டலாம் என்னும் எண்ணம் இப்பொழுது வலுப்பெற்றிருக்கிறது. 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை, தமிழகக் கடலிலும் குஜராத்துக் கடலிலுமாகத் தலா 500 மெகாவாட் நிறுவுவதற்கு 7,453 கோடி ரூபாய்த் திட்டமொன்றை ஏற்றது. அதில் 600 கோடி, இரண்டு துறைமுகங்களைச் செப்பனிடுவதற்கு. தமிழகத்தில் இதற்கெனப் பேசப்படுவது தூத்துக்குடி. கடற்காற்றாலையின் இறக்கை ஒன்றே 80 மீட்டருக்கு மேல் நீளும். அதனைத் தாங்கும் உறுதியான துறைமேடையும், பரப்பி வைக்க அகன்ற வெளியும், பெருங்கப்பல் வந்து செல்ல ஆழ்ந்த வாய்க்காலும் வேண்டும்.

காற்று தூயது, ஆகவே திட்டமும் தீங்கற்றது என்று முடிவு கட்டலாமா? நீரும் தூயதே அன்றோ! ஆயினும் பாலக்காடு மாவட்டத்து அமைதிப் பள்ளத்தாக்கில், குந்திப்புழையின் குறுக்கே அணை கட்டி 120 மெகாவாட் மின்சக்தி பெற எண்ணியபோது நிகழ்ந்தது என்ன? 1973இல் திட்டக் குழு அதற்கு ஒப்புதல் அளித்தது. மலபாருக்கு மின்சாரம் மெய்யாகவே தேவைப்பட்டது. அதனை எவரும் மறுக்கவில்லை. மூழ்கும் காடு 8.3 சதுர கிலோமீட்டரே என்றனர் ஆதரித்தோர். ஆனால் அளவு மட்டுமா கணக்கு? மூழ்கவிருந்தது ஆற்றோரக் காடு. பள்ளத்தாக்கின் நெஞ்சு போன்ற இடம். அங்கு வாழும் சிங்கவால் குரங்கு மரத்திற்கு மரம் தாவியே வாழ்வது; தரையில் இறங்கித் திரிவது அரிது. அதன் முக்கிய உணவு வெடிபலாக் காய். கிளைகளின் தொடர்ச்சி அறுந்தால் கூட்டம் கூட்டமாகப் பிரிந்து நலியும். அணைக்காகப் போடும் பாதையும், வேலையாட்களின் குடியிருப்பும், அவற்றைத் தொடர்ந்து வரும் மரவெட்டும் 8.3 என்னும் எண்ணில் அடங்கியிருக்கவில்லை.

கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத்து இவற்றை ஆராய்ந்து நூல் வெளியிட்டது. உயிரியலார் மட்டுமன்றிப் பொறியியலாரும் பொருளியலாரும் கூடி எழுதியமையே அதன் சிறப்பு என்பது நம் கருத்து. ‘வேண்டாம்’ என்பதோடு அவர்கள் நிற்கவில்லை. வேறெவ்வழியில் மின்சாரம் பெறலாம் என்றும் கணக்கிட்டார்கள். பின்னர் எம். ஜி. கே. மேனன் தலைமையிலான குழு ஆராய்ந்தது. 1983இல் திட்டம் கைவிடப்பட்டது. 1984இல் அக்காடு தேசியப் பூங்காவாயிற்று. சுற்றுச்சூழல் விளைவை முன்கூட்டி அளக்கவேண்டும் என்னும் சட்ட அறிவிக்கையே 1994இல்தான் வந்தது என்பதை இங்கு நினைத்துப் பார்க்கவேண்டும்.

தூத்துக்குடிக்கு வருவோம். அங்கிருந்து இராமேசுவரம் வரை 21 தீவுகளைக் கொண்டது மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்கா. வாய்க்காலை ஆழப்படுத்தத் தோண்டும் சேறு நீரில் கலங்கிப் படர்ந்தால் கடற்புல்லுக்கு வெயில் எட்டாது. பவளத்தின் மேல் மண் படியும். கடற்புல்லை மேய்ந்து வாழும் ஆவுளியாவுக்கு வேறு மேய்ச்சல் இல்லை. கடலடியில் தூண்களை அடித்து இறக்கும் ஓசை நெடுந்தொலைவு செல்லும். தோண்டிய சேற்றை எங்கே கொட்டுவது, எந்த மாதத்தில் தோண்டுவது, வள்ளங்கள் வலைவிரிக்கும் இடம் எவ்வளவு சுருங்கும் என்பனவற்றை ஒருங்கே சேர்த்து எண்ணவேண்டும். துறைமுகத்தை ஓர் ஏட்டிலும் காற்றாலையை மற்றோர் ஏட்டிலும் எழுதிவைத்தால், 8.3இன் கதைதான்.

2006ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி, பொதுமக்கள் கருத்துக்கேட்புக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். ஆய்வின் சுருக்கம் உள்ளூர் மொழியிலும் கிடைக்கவேண்டும். கடற்கரை ஊர்களில் வீடும் உறவும் உடையவராய், சித்தூரிலோ தேவிகுளத்திலோ பிழைக்கும் நம்மவர் கூட்டத்திற்கு நேரில் செல்ல இயலாதிருக்கலாம். திட்டத்தில் நியாயமான தொடர்புடையோர் தம் கருத்தை எழுத்தில் அனுப்பவும் அதே அறிவிக்கை இடம் தருகிறது.