மெய்க்கீர்த்தியும் மெய்யும்

ரோமாபுரியின் முதல் சக்கரவர்த்தி அகஸ்டஸின் ஜீவிய சரித்திரத்தை பிரிட்டிஷ் சரித்திராசிரியர் அட்ரியன் கோல்ட்ஸ்வொர்த்தி 2014-ல் வெளியிட்டார். அது நம் திருச்சிராப்பள்ளி வாசகர்களும் படிக்க வேண்டிய நூல் என்பது நமது அபிப்பிராயம்.

கி.பி. 14-ல் மறைந்த அகஸ்டஸ், தம் சாதனைகளைத் தாமே எழுதி வைத்துச் சென்றார். அங்காரா நகரத்துக் கோயிற் சுவரில் அவ்வாசகத்தை இன்றும் காணலாம். இந்திய அரசர்கள் தம்மிடம் தூது விடுத்ததை அதில் பெருமையுடன் கூறுகிறார். கி.மு. 43-ல் தாமும் தம் கூட்டாளிகளும் ஜாபிதா எழுதி எதிரிகளைக் கொல்வித்ததையோ, அதில் சிஸரோ மாண்டதையோ கூறவில்லை. கோல்ட்ஸ்வொர்த்தி இரண்டையும் சொல்லுகிறார்.

ஸ்ரீரங்கத்து மதில்களிலும் நூற்றுக்கணக்கான சாஸனங்கள் உண்டு. முதற் குலோத்துங்கன் காலத்துக் கற்களில் மெய்க்கீர்த்தி அவன் வெற்றிகளை முழங்குகிறது. தோற்றவர் நாட்டுக் குடிகள் பட்ட பாட்டை அது சொல்லாது. மெய்க்கீர்த்தியை வசனமாக்கி விட்டுச் சரித்திரம் எழுதினோம் என்பது ஸ்துதியே, சரித்திரமாகாது.

உண்மையைக் கண்டு அஞ்ச வேண்டிய அளவுக்குச் சோழர் பெருமை சிறியதன்று. நம் கல்லூரி இளைஞர்கள் மெய்க்கீர்த்தியோடு நின்றுவிடாமல், அதன் கீழ் நிலமும் தானமும் பேசும் வரிகளையும் படிப்பார்களாக. நம் மன்னர்களின் மெய்யான சரித்திரம் அங்கேதான் தொடங்கும்.