இரகசியக் கோப்பும் ஒரு தேசத்தின் நற்பெயரும்

உளவு வழக்கொன்று நாட்டின் மதிப்பை எவ்வாறு குலைக்கும் என்பதற்குப் பிரான்சின் டிரைஃபஸ் வழக்கு சான்று. 1894இல் யூதரான இராணுவ அதிகாரி ஆல்ஃபிரட் டிரைஃபஸ், ஜெர்மனிக்கு உளவு பார்த்ததாகத் தண்டிக்கப்பட்டார். அவரது வழக்கறிஞருக்குக் காட்டப்படாத இரகசியக் கோப்பு நீதிபதிகளிடம் மட்டும் அளிக்கப்பட்டிருந்தது. உண்மைக் குற்றவாளியான எஸ்டர்ஹாசியை 1898இல் இராணுவ நீதிமன்றம் விடுவித்தது. 1899இல் ரென் நகரில் நடந்த மறுவிசாரணையும் டிரைஃபஸையே குற்றவாளி என்றது. உலகெங்கும் கண்டனம் எழுந்தது. 1900ஆம் ஆண்டுப் பாரிஸ் உலகக் கண்காட்சியைப் புறக்கணிக்குமாறு குரல்கள் ஒலித்தன. பத்தே நாட்களில் குடியரசுத் தலைவர் மன்னிப்பு வழங்கினார். தண்டனைத் தீர்ப்பு ரத்தானதோ 1906இல்தான்.

இராணுவத்தின் கௌரவத்தைக் காக்கவே அநீதி மறைக்கப்பட்டது. அம்மறைப்பே நாட்டின் கௌரவத்தைக் கெடுத்தது. விமர்சிப்பவரைத் தேசவிரோதி என்பதால் நற்பெயர் மீளாது. தனக்கெதிரான ஆதாரத்தைக் காணக் குற்றம் சாட்டப்பட்டவருக்குள்ள உரிமையைக் காப்பதே அதற்கு வழி.