வானிலே பேசும் முறை

சுன்னாகம் சந்தையிலே காலை வேளையில் விலை பேசுவோரைச் சற்றுக் கவனித்தால் ஓர் உண்மை புலனாகும். ஒன்பது, ஐம்பது, எண்பது என்று ஏட்டில் தெளிவாக வேறுபட்டு நிற்கும் எண்கள், பேச்சிலே 'ஒம்பது', 'அம்பது', 'எம்பது' என்று முதல் ஓசை ஒன்றினால் மாத்திரமே பிரிந்து நிற்கின்றன. வெங்காய மூட்டை இறக்கும் ஆரவாரத்திலே அந்த முதல் ஓசை அமுங்கிவிட்டால் எஞ்சுவது 'ம்பது' ஒன்றுதான். ஆயினும் வியாபாரம் கெடுவதில்லை. வாங்குபவர் விற்பவரின் முகத்தைப் பார்க்கிறார். விரல்களை விரித்துக் காட்டுகிறார். ஐயம் தீராவிடில் மீண்டும் கேட்கிறார்.

அச்சந்தைக்கு வடக்கே சில மைல் தொலைவில் உள்ளது பலாலி விமானநிலையம். அங்கே இறங்க வரும் விமானிக்கும், கோபுரத்தில் இருக்கும் கட்டுப்பாட்டு உத்தியோகத்தருக்கும் முகமும் இல்லை, விரலும் இல்லை. குரல் ஒன்றே உண்டு. அக்குரலும் தொலைபேசியிற் போல இருபுறமும் ஒருங்கே செல்வதன்று. பொத்தானை அழுத்தியவர் பேசலாம். அழுத்தியிருக்கும் வரை அவர் பிறர் பேச்சைக் கேட்க இயலாது. இருவர் ஒரே நேரத்தில் அழுத்திவிட்டால், கேட்டுக்கொண்டிருப்போரின் காதில் விழுவது பேச்சன்று, கிறீச்சிடும் ஓசையே.

பலாலிக்கு வானப் பயணம் புதிதன்று. இரண்டாம் உலகப் போரின்போது அமைந்த இத்தளத்திலே, 1947ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள், இரத்மலானையிலிருந்து புறப்பட்ட எயார் சிலோன் டக்கோட்டா விமானம் இறங்கிச் சென்னைக்குப் பறந்தது. காங்கேசன்துறை விமானத்தளம் என்பதே அந்நாளில் வழங்கிய பெயர். அக்காலத்து விமானங்கள் பலவற்றில், தந்திக் குறிகளால் செய்தி அனுப்புவதற்கென்றே ஒரு வானொலி உத்தியோகத்தர் அமர்ந்திருப்பார். அவருடைய ஆசனம் பின்னாளில் மறைந்தது. விமானிகளே நேரில் பேசலாயினர். 2019ஆம் ஆண்டு அக்டோபர் 17ஆம் நாள் சர்வதேச நிலையமாகப் பலாலி மீண்டும் திறக்கப்பட்டபோது, முதல் விமானம் சென்னையிலிருந்தே வந்தது. பெருந்தொற்றினால் 2020இல் நின்ற அச்சேவை 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது.

நாளொன்றுக்குச் சில விமானங்களே வந்து போகும் இடத்தில் இத்தனை கண்டிப்பு எதற்கு என்று கேட்கலாம். சென்னையிலிருந்து புறப்படும் விமானம் மீனம்பாக்கத்து நெரிசலின் நடுவே எழுகிறது. பின்னர் சென்னைக் கட்டுப்பாட்டிடம் விடைபெற்றுக் கொழும்புக் கட்டுப்பாட்டின் கீழ் வந்து, அதன் பிறகே பலாலிக் கோபுரத்தோடு பேசுகிறது. ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட பயணத்தில் பல குரல்கள், பல அலைவரிசைகள். விமானியும் கோபுரத்தில் இருப்பவரும் தமிழராகவே இருப்பினும், அவர்கள் பேசுவது வரையறுத்த ஆங்கிலச் சொற்றொடர்களையே. தமிழ்ப்பற்று உடையோருக்கு இது சற்று உறுத்தலாம். ஆனால் அதே அலைவரிசையில் தமிழறியாத மூன்றாம் விமானி ஒருவரும் செவிசாய்த்திருக்கக் கூடும். தன் எதிரே யார், எந்த உயரத்தில் வருகிறார் என்பதை அவர் பிறர் பேச்சிலிருந்தே ஊகித்துக்கொள்கிறார்.

அந்த ஆங்கிலமும் புத்தக ஆங்கிலம் அன்று. ஐந்தைக் குறிக்கும் 'ஃபைவ்', ஒன்பதைக் குறிக்கும் 'நைன்' இரண்டும் இரைச்சலில் ஒன்றாகவே ஒலிக்குமாதலால், முன்னது 'ஃபைஃப்' என்றும் பின்னது 'நைனர்' என்றும் மாற்றப்பட்டன. பதினைந்தும் ஐம்பதும் ஆங்கிலத்திலும் மயங்குவன; ஆகவே எண்களை இலக்கம் இலக்கமாகவே சொல்லுதல் பெருவழக்கு. எழுத்துகளின் நிலை இன்னும் மோசம். ஆங்கிலத்தில் இரு வேறு எழுத்துகளைத் தமிழில் எழுதினால் இரண்டுமே 'பி' ஆகிவிடுகின்றன. வேறு இரண்டு 'டி' ஆகிவிடுகின்றன. தமிழ் ஏட்டிலே நேரும் இந்த மயக்கம், வானொலி இரைச்சலிலே ஆங்கிலேயர் காதுக்கும் நேர்கிறது. ஆல்ஃபா, பிராவோ, சார்லி, டெல்டா என எழுத்துக்கொரு சொல்லாக அமைந்த வரிசை 1956ஆம் ஆண்டு மார்ச் முதலாம் நாள் நடைமுறைக்கு வந்தது அதனாலேயே. அதற்கு முன் 'ஆர்' என்ற எழுத்துக்கு வழங்கிய சொல் 'ரோஜர்'. வரிசை மாறியும் அச்சொல் ஒழியவில்லை. 'சொன்னது கேட்டது' என்பதே அதன் பொருள். 'அவ்வாறே செய்கிறேன்' என்பதன்று. அதற்கு 'வில்கோ' என்ற வேறு சொல் உண்டு.

ஒரு சொல்லின் இடம் தவறினால் என்ன நேரும் என்பதற்கு 1977ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் நாள் தெனரீப் தீவில் நடந்தது சான்று. மூடுபனி சூழ்ந்த ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள் நின்றன. டச்சு விமானத்துக்குக் கோபுரம் அளித்தது, எழுந்த பின் செல்ல வேண்டிய வழிக்கான அனுமதி மாத்திரமே. ஆனால் 'எழுதல்' என்னும் சொல் அதற்குள்ளே இருந்தது. எழும் நிலையில் இருப்பதாக விமானத்திலிருந்து வந்த மறுமொழி, நிற்பதையும் குறிக்கலாம், ஓடத் தொடங்கியதையும் குறிக்கலாம். கோபுரம் 'ஓகே' என்றது. காத்திருக்கும்படி அதைத் தொடர்ந்து சொன்னது, அதே கணத்தில் அமெரிக்க விமானமும் பேசியதால் கிறீச்சொலியில் அமிழ்ந்தது. 583 பேர் மாண்டனர். அதன் பின்னர், எழுவதற்கு அனுமதி தரும்போதோ அதை மீட்டுக்கொள்ளும்போதோ அன்றி அச்சொல்லை உச்சரித்தல் ஆகாது என்று விதி வகுக்கப்பட்டது. ஏனைய இடங்களில் 'புறப்பாடு' என்னும் பொருளுடைய சொல்லே வழங்குகிறது.

இந்தியாவில் நேர்ந்தது 1996ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள். டில்லியிலிருந்து எழுந்த சவூதி விமானத்துக்கு 14,000 அடியும், டில்லிக்கு இறங்கிவந்த கசக்கஸ்தான் விமானத்துக்கு 15,000 அடியும் குறிக்கப்பட்டன. உயரத்தைக் காட்டும் ராடார் அப்போது டில்லியில் இல்லை. விமானம் வாயால் சொல்வதே உத்தியோகத்தருக்குக் கண். எதிரே 14,000 அடியில் ஒரு விமானம் வருகிறது என்று அவர் முன்கூட்டியே எச்சரித்தும் இருந்தார். கசக்கஸ்தான் விமானத்திலோ டக்கோட்டா காலத்து வழக்கம் மாறவில்லை. தரையோடு பேசியவர் தனி வானொலி உத்தியோகத்தர். அவர் முன்னே உயரமானி கிடையாது. விமானிகளின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தே உயரம் அறிய வேண்டும். கேட்டவர் ஒருவர், ஓட்டியவர் வேறொருவர். விமானம் தனக்குக் குறித்த உயரத்துக்குக் கீழே இறங்கியது. சர்க்கி தாத்ரி வயல்களின் மேல் இரண்டும் மோதி 349 பேரும் மாண்டனர். விமானியின் ஆங்கில அறிவுக் குறையையும் ஒரு காரணமாக விசாரணை ஆணையம் சுட்டிற்று.

பணிவும் சில வேளைகளில் பகையாகும். 1990ஆம் ஆண்டு ஜனவரி 25ஆம் நாள் நியூயோர்க் அருகே காத்துச் சுற்றிக்கொண்டிருந்த கொலம்பிய விமானத்தில் எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்தது. முன்னுரிமை வேண்டுமென்று கேட்டார்கள். எரிபொருள் குறைகிறது என்றும் சொன்னார்கள். 'அவசரநிலை' என்ற ஒரு சொல்லை மாத்திரம் சொல்லவில்லை. விமானம் வீழ்ந்து 73 பேர் இறந்தனர். பெரியோரிடம் ஆபத்தைக்கூட மெல்லச் சொல்லும் பழக்கமுள்ள கீழை நாட்டாருக்கு இக்கதையின் பொருளை விரித்துரைக்க வேண்டியதில்லை. இன்று அதற்கெனத் தனிச் சொற்கள் உள்ளன. 'மேடே' என்ற அழைப்பைக் கேட்டவுடன் வழிவிடுவது கட்டாயம்.

சர்வதேசப் பறப்பில் ஈடுபடும் விமானிகளும் உத்தியோகத்தரும் ஆங்கிலப் பேச்சில் ஆறு படிகளுள் நான்காவதையேனும் எய்தியிருத்தல் வேண்டும் என்னும் விதி 2008ஆம் ஆண்டு மார்ச்சில் செயலுக்கு வந்தது. சில நாடுகளுக்கு மேலும் மூன்றாண்டு தவணை கிடைத்தது. அழகிய உச்சரிப்பை அவ்விதி கேட்கவில்லை. கேட்போருக்கு விளங்கினாற் போதும்.

பலாலி ஓடுபாதைக்கு இரு முனை, இரு பெயர். வடகிழக்கு நோக்கி இறங்கினால் அது 'சுழி ஐந்து', தென்மேற்கு நோக்கி இறங்கினால் 'இரண்டு மூன்று'. காற்றை எதிர்கொண்டு இறங்குதல் முறையாதலால், வாடை வீசும் மாதங்களில் முன்னதும் சோளகம் பெயரும் மாதங்களில் பின்னதும் பெரிதும் பயன்படும். கோபுரம் பாதையின் எண்ணைச் சொல்லி இறங்க அனுமதிக்கிறது. விமானி தலையசைத்தாற் போல 'ரோஜர்' என்று விட்டுவிடுதல் கூடாது. அதே எண்ணையும் அனுமதியையும் தம் விமானத்தின் அழைப்புப் பெயரோடு திருப்பிச் சொல்ல வேண்டும். உத்தியோகத்தரின் வேலை அப்போதும் முடிவதில்லை. திரும்பி வந்த எண் தாம் கொடுத்ததுதானா என்று காது கொடுத்துக் கேட்கிறார். மாறியிருந்தால் 'நெகட்டிவ்' என்று தடுத்து மீண்டும் சொல்கிறார். சரியாயின் மௌனமாக இருக்கிறார். கரையைக் கடந்து வரும் விமானம் அந்த மௌனத்தை ஏற்றுக்கொண்டு சக்கரங்களை இறக்குகிறது.